டேனிஷ் ஸ்டூலுக்கு இடுப்பு எப்படி வந்தது?

உயரமான, மெல்லிய நான்கு எஃகுக் கால்கள். அவற்றின் மேல் ஒரே தகடாக வளைந்து கிடக்கும் மரம். கீழே இருக்கை, மேலே முதுகுச் சாய்வு, இரண்டும் சேரும் இடத்தில் இரு பக்கமும் உள்வாங்கிய ஒரு இடுப்பு. டென்மார்க்கின் ஃப்ரிட்ஸ் ஹான்சன் நிறுவனம் விற்கும் சீரிஸ் 7 கவுன்ட்டர் ஸ்டூலின் அமைப்பு இவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டாலும் உருவம் பலருக்கும் பழக்கமானது. ஏதாவது ஒரு காபிக் கடையில் அதன் நகல் ஒன்றில் உட்கார்ந்தும் இருப்பீர்கள். உட்காரும் உயரம் சுமார் 64 செ.மீ. இதையே 76 செ.மீ. அளவுக்கு உயர்த்தினால் அது பார் ஸ்டூல். உயரம் எதுவாக இருந்தாலும் மேலே இருக்கும் ஓடு, அதாவது இருக்கையும் முதுகுமாக வளைந்த அந்த மரம், ஒன்றுதான்: கட்டடக் கலைஞர் ஆர்னே யாகொப்சன் 1955-இல் உருவாக்கிய 3107 என்ற நாற்காலியின் ஓடு. அந்த எண்ணின் கடைசி இலக்கம்தான் 'சீரிஸ் 7' என்ற பெயரில் இருக்கிறது.

அந்த இடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழகைத்தான் பேசுகிறார்கள். மனித உடலின் வளைவு என்பார்கள், சிற்பம் என்பார்கள். மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு காரணம் கிடைக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இடத்தில் மரம் முழு அகலத்துக்கு இருந்தால் வெடிக்கும். வெடிக்கும் இடத்தை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் நின்றதுதான் இந்த வடிவம்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் வெனீர் என்ற சொல்லின் மீது நமக்கு இருக்கும் சந்தேகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். வெனீர் என்றாலே மட்டமான பலகை மேல் ஒட்டிய தேக்குத் தோல் என்று நினைக்கிறோம். 'சாலிட் மரமா, வெறும் ப்ளைவுட்டா?' என்று கடையில் கேட்கும்போதே எது உசத்தி என்ற தீர்ப்பும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். இந்த நாற்காலிக்குப் பொருந்தாது. இங்கே வெனீர் எதையும் மூடி மறைக்கவில்லை, உள்ளே வேறு மரம் என்று ஒன்றும் கிடையாது. அடுக்கடுக்கான வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடுகள்தான் மொத்தப் பொருளும். ஓட்டின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தால் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். மர நிறத்தில் விடப்பட்ட ஓடுகளில் அந்த விளிம்பை மறைக்கப் பட்டி ஒட்டுவதில்லை, அப்படியே தேய்த்து மெருகேற்றி விடுகிறார்கள். இதே வடிவத்தை முழு மரத்தில் செதுக்கினால் இந்த மெல்லிய கனத்துக்கு அது தாங்காது. வளைவில் நார் குறுக்காக வரும் இடத்தில் ஒருவர் சாய்ந்தாலே பிளந்துவிடும்.

மரத்துக்கு ஒரு திசை உண்டு. நார் ஓடும் திசையில் பலம் அதிகம், குறுக்கே குறைவு. வாழை இலையை நரம்பு போகிற பக்கமாக இழுத்தால் சட்டென்று கிழிந்துவிடும் அல்லவா, மெல்லிய மரத் தகடும் அப்படித்தான் நார் வழியாகப் பிளக்கும். அதனால்தான் ஒரு தகட்டின் நார் நெடுக்காக ஓடினால் அடுத்ததைக் குறுக்காக வைத்து ஒட்டுகிறார்கள். ஒன்றின் பலவீனத்தை அடுத்தது தாங்கிக்கொள்ளும். ப்ளைவுட்டின் முழு ரகசியமும் இதுதான். சீரிஸ் 7 ஓட்டில் இப்படி ஏறத்தாழ 9 அடுக்குகள். இடையே பருத்தித் துணியும் சேர்த்து ஒட்டப்படுகிறது. மரம் பிளக்கப் பார்க்கும்போது அந்தத் துணி பிடித்துக்கொள்ளும்.

அடுக்குகளின் இன்னொரு வேலையும் முக்கியமானது. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள பலகையை அப்படியே வளைத்தால் ஒடியும். அதே கனத்துக்கு ஒன்பது மெல்லிய தகடுகளை அடுக்கி வளைத்தால் ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு எளிதாக வளைந்து கொடுக்கும். வளைந்த நிலையிலேயே, சூடான அச்சுக்குள் அழுத்தத்தில் வைத்துப் பசையை இறுகவிட்டால் இனி எந்தத் தகடும் வழுக்க முடியாது. அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். ஒட்டாத ஒன்பது தகடுகளின் விறைப்பு ஒரு தகட்டைப் போல 9 மடங்கு. ஒட்டிய பிறகு அது 9-இன் முப்படி, அதாவது 729 மடங்கு. பசை இறுகும் அந்தச் சில நிமிடங்களில் விறைப்பு 81 மடங்கு கூடுகிறது. நார் மாறி மாறி ஓடுவதால் நடைமுறையில் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். ஆனாலும் விரல் அளவு கனம்கூட இல்லாத ஓடு ஒரு ஆளை எப்படித் தாங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அப்படியானால் எந்த வடிவத்திலும் வளைக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஒரு திசையில் மட்டும் வளைப்பது எளிது. பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1930-களின் தொடக்கத்திலேயே பைமியோ காசநோய் மருத்துவமனைக்காகச் செய்த நாற்காலியில் பிர்ச் ப்ளைவுட்டைச் சுருள் போல வளைத்துக் காட்டிவிட்டார். அந்த வளைவுகள் எல்லாம் ஒரே திசையில் போகிறவை. முதுகு சாய்வதற்காக மேல்கீழாகவும், உடம்பைத் தாங்குவதற்காகப் பக்கவாட்டிலும், இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளைக்கப் போனால் தகட்டின் ஓர் ஓரம் நீள வேண்டும், இன்னொன்று சுருங்க வேண்டும். மரம் அப்படி நீண்டு கொடுக்காது. ஒன்று மடிப்பு விழும், இல்லை விரிசல் விடும்.

அமெரிக்காவில் வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினனும் 1940-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய போட்டிக்காக இப்படி ஒரே ஓட்டு நாற்காலிகளைச் செய்தார்கள். பரிசும் வென்றார்கள். ஆனால் வளைவுகளில் வந்த விரிசல்களை மேலே மெத்தை தைத்துத்தான் மறைக்க வேண்டியிருந்தது. அப்புறம் சார்லஸும் ரே ஈம்ஸும் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கால் முறிவுக்குக் கட்டும் ப்ளைவுட் தாங்கியைச் செய்தார்கள். சுமார் 1,50,000 தாங்கிகள் தயாராயின. மனிதக் காலின் எல்லா வளைவும் அதில் உண்டு. அது சாத்தியமானதற்குக் காரணம் அதில் விட்ட துளைகளும் பிளவுகளும். கட்டுத்துணி கோர்க்க உதவும் அதே துளைகள், மரத்தில் அழுத்தம் குவிகிற இடங்களையும் தளர்த்திவிடுகின்றன. பிரச்சினை உள்ள இடத்தில் மரமே இல்லையென்றால் வெடிக்க ஒன்றும் இருக்காது. இவ்வளவு தெரிந்த பிறகும் நாற்காலி என்று வந்தபோது ஈம்ஸ் தம்பதி ஒரே ஓடு என்ற எண்ணத்தைக் கைவிட்டு, இருக்கையையும் முதுகையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தார்கள். 1940-களின் நடுவில் வந்த அவர்களின் புகழ்பெற்ற ப்ளைவுட் நாற்காலிகள் அப்படித்தான் இருக்கும்.

அவர்கள் பிரித்ததைச் சேர்த்தவர் யாகொப்சன். கோபன்ஹேகனில் 1902-இல் பிறந்தவர், முதலில் கொத்தனார் வேலை பயின்று, பிறகு ராயல் அகாடமியில் கட்டடக் கலை படித்தவர். யூதப் பின்னணி என்பதால் 1943-இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து தப்பிச் சிறு படகில் கடலைக் கடந்து ஸ்வீடனுக்குப் போனார். போர் முடியும் வரை அங்கே கட்டட வேலை பெரிதாகக் கிடைக்கவில்லை. துணி அச்சுக் கலைஞரான மனைவி யோனாவோடு சேர்ந்து துணிக்கும் சுவர்த்தாளுக்கும் செடிகொடிகளை வரைந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று நோவோ என்ற மருந்து நிறுவனத்தின் உணவுக்கூடம். நோவோ இன்சுலின் தயாரித்த நிறுவனம். இன்று நோவோ நோர்டிஸ்க் என்ற பெயரில் நம் ஊர் மருந்துக் கடைகளிலும் அதன் இன்சுலின் பேனாக்கள் கிடைக்கின்றன. அந்த உணவுக்கூடத்துக்கு லேசான, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய, மலிவான நாற்காலி வேண்டும். 1952-இல் யாகொப்சன் கொடுத்ததுதான் 'எறும்பு'. ஒரே ஓடு, மூன்று எஃகுக் கால்கள், அவ்வளவுதான். ஃப்ரிட்ஸ் ஹான்சன் 1872-இல் தொடங்கிய பழைய நிறுவனம், மரத்தை வளைப்பதில் நல்ல அனுபவம் உள்ளது. அவர்களே முதலில் தயங்கினார்கள். நோவோ 300 நாற்காலிகள் வாங்க ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

எறும்பில் இடுப்பு மிகவும் ஒடுக்கமாக இருக்கும். இருக்கை மேல்நோக்கித் திரும்பி முதுகாகும் இடத்தில்தான் இரண்டு திசை வளைவும் மோதுகின்றன. விரிசல் விட்டதும் அங்கேதான். ஈம்ஸ் அந்த இடத்தில் துண்டித்தார். யாகொப்சன் துண்டிக்காமல், இரு பக்கமும் மரத்தைக் குறைத்து நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டார். ஒடுங்கிய பட்டை என்பதால் அதில் பக்கவாட்டு வளைவு கிட்டத்தட்ட இல்லை. ஆக மேல்கீழாக மட்டும் வளைந்தால் போதும், அதற்கு மரம் சம்மதிக்கும். பக்கவாட்டு வளைவு வேண்டிய இருக்கையும் முதுகும் அந்தத் திருப்பத்திலிருந்து தள்ளி, தங்கள் தங்கள் இடத்தில் மென்மையாகக் குழிந்துகொள்ளலாம்.

இன்னொரு லாபமும் சேர்ந்து வந்தது. ஒடுங்கிய இடுப்பு சாய்ந்தால் கொஞ்சம் பின்னால் வளைந்து கொடுக்கும். மெத்தை இல்லாத கட்டை நாற்காலியில் உட்கார்ந்தும் அது கட்டை போல உறுத்தாததற்குக் காரணம் அந்த மெல்லிய அசைவு.

எறும்பின் மூன்று கால்கள் வட்ட மேசையைச் சுற்றி நெருக்கமாகப் போட வசதியானவை, உட்கார்ந்தவரின் காலோடு சிக்காதவை. ஆனால் ஓரமாகச் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும் என்ற புகார் இருந்தது. யாகொப்சன் உயிரோடு இருந்தவரை நான்காவது கால் வைக்கச் சம்மதிக்கவே இல்லை. அவர் 1971-இல் மறைந்த பிறகுதான் நான்கு கால் எறும்பு சந்தைக்கு வந்தது. இந்தப் பிடிவாதத்தை மேதையின் குணம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மேலே ஏறிப் பரணிலிருந்து பொருள் எடுக்கவும்தான் வீட்டில் நாற்காலியைப் பயன்படுத்துகிறோம்.

நல்லவேளையாக, 1955-இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி நகரில் நடந்த 'ஹெச் 55' கண்காட்சியில் அவர் காட்டிய அடுத்த நாற்காலிக்கு நான்கு கால்கள் இருந்தன. அதுதான் சீரிஸ் 7. முதுகு அகலமானது, தோள் சாய இடம் கிடைத்தது, இடுப்பும் எறும்பின் அளவுக்கு இறுக்கமாக இல்லை. மூன்று ஆண்டு உற்பத்தி அனுபவம் அச்சிலும் பசையிலும் சேர்ந்த பிறகு எவ்வளவு மரத்தை விட்டுவைக்கலாம் என்று தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் இடுப்பை மட்டும் கவனியுங்கள். எறும்பில் தெரிகிற பயம் இதில் இல்லை. அன்று தொடங்கி இன்றுவரை பல லட்சக்கணக்கில் விற்று, ஃப்ரிட்ஸ் ஹான்சனின் வரலாற்றிலேயே அதிகம் விற்ற நாற்காலியாக இருக்கிறது.

அன்றைய டென்மார்க்கில் இது கொஞ்சம் விலகிய பாதை. டேனிஷ் அறைகலன் என்றால் உலகம் பார்த்தது ஹான்ஸ் வெக்னர், ஃபின் யூல் போன்றவர்கள் தச்சர்களோடு சேர்ந்து கையால் இழைத்த நாற்காலிகளை. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சிகள்தான் அந்த உலகின் மேடை. யாகொப்சனின் ஓட்டில் ஒரு பொருத்துமூலை கிடையாது, உளி பட்ட இடம் கிடையாது. அச்சிலிருந்து வருகிறது, விளிம்பு வெட்டப்படுகிறது, காலில் பொருத்தப்படுகிறது. கைவினையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு தொழிற்சாலை உணவுக்கூடத்தில் முந்நூறு பேர் உட்கார வேண்டும் என்றால் அதற்கான பதில் இந்தப் பக்கம்தான் இருந்தது.

இப்போது ஸ்டூலுக்கு வருவோம். ஓடு அதேதான் என்றாலும் உயரத்தில் ஏறியதும் கணக்கு மாறுகிறது. சாதாரண நாற்காலியில் நம் பாதம் தரையில் ஊன்றியிருக்கும், எடையில் ஒரு பங்கைக் கால் வாங்கிக்கொள்ளும். 64 செ.மீ. உயரத்தில் பாதம் தரையைத் தொடாது. அப்போது தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் முன்விளிம்பில் அழுந்தும், சற்று நேரத்தில் கால் மரத்துப்போகும். அதனால்தான் கால்களை இணைத்து ஓடும் குறுக்குக் கம்பி அவசியமாகிறது. அது பாதத்துக்கு ஊன்றுகோல், கூடவே நீண்ட மெல்லிய கால்கள் விரிந்துபோகாமல் கட்டும் கயிறும் அதுதான். சீரிஸ் 7 இருக்கையின் முன்விளிம்பு கீழ்நோக்கி மென்மையாக வளைந்து இறங்குகிறது. சாதாரண நாற்காலியில் வசதியாக மட்டும் இருந்த அந்த வளைவு ஸ்டூலில் அத்தியாவசியமாகிவிடுகிறது. அதோடு பெரும்பாலான உயர ஸ்டூல்களில் முதுகே இருக்காது, இருந்தாலும் ஒரு பட்டைதான் இருக்கும். இங்கே முழு முதுகும், அதன் அசைவும் கூடவே ஏறி வருகின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்ப்பதும் நல்ல பாடம். ஓட்டின் அடியில் நடுவே ஒரு வட்ட மூடி இருக்கும். அதற்குக் கீழேதான் நான்கு கால்களும் வந்து கூடுகின்றன. எடை முழுக்க அந்த ஓர் இடத்தில் ஓட்டுக்கு மாறுகிறது. இருக்கையின் மேற்பரப்பில் ஒரு திருகாணியின் தலைகூடத் தெரியாது. அந்த மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக ஓடு சுதந்திரமாக அசையலாம். நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டியிருந்தால் அந்த அசைவு போயிருக்கும்.

நகல்களின் கதை தனி. 1963-இல் லூயிஸ் மார்லி எடுத்த ஒரு புகைப்படம் புரோஃப்யூமோ என்ற அமைச்சரின் ரகசிய உறவு அம்பலமாகி பிரிட்டனையே உலுக்கிய விவகாரத்தின் அடையாளமானது. அந்த உறவில் இருந்த கிறிஸ்டின் கீலர் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். அதை யாகொப்சனின் நாற்காலி என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒரு நகல். முதுகில் கைப்பிடி போல வெட்டிய துளை அதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த நகல் இப்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கலைஞர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை, அதாவது யாகொப்சனுக்கு 2041 முடியும் வரை. பிரிட்டனில் தொழிற்சாலையில் தயாரான வடிவங்களுக்கு 25 ஆண்டுதான் என்று இருந்த விதி 2016-இல் நீக்கப்பட்டது. இந்தியாவில் வடிவமைப்பாகப் பதிவுசெய்யக்கூடிய ஒன்றைப் பதிவுசெய்யாமல் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் தயாரித்துவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அதற்குப் பாதுகாப்பு போய்விடும், பதிவுசெய்தாலும் அதிகபட்சம் 15 ஆண்டு. சட்டம் எப்படி இருந்தாலும், வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். நகலை மூலம் என்று சொல்லி விற்பது எங்கேயும் ஏமாற்றுதான்.

நகலில் முதலில் பார்க்க வேண்டியதும் இடுப்புதான். அச்சு சரியில்லாத நகல்களில் ஓடு தடிமனாக இருக்கும், அல்லது வளைவு தட்டையாக இருக்கும். தடித்தால் அசைவு போய்விடும், தட்டையானால் முதுகு தாங்காது. பழைய நாற்காலி அல்லது ஸ்டூல் கிடைத்தால் இடுப்பின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடி போன்ற கோடு இருந்தால் அது வெறும் கீறல்தானா, அடுக்கு பிரிகிறதா என்று விளிம்பில் தெரியும். அடுக்கு பிரிந்திருந்தால் வீட்டில் பசை ஊற்றி மூடுவது நிற்காது. மேற்பரப்பில் கறை என்றால் உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். மேல் வெனீர் மிக மெல்லியது, நாலு தேய்ப்பில் அடுத்த அடுக்கு எட்டிப் பார்க்கும், அதன் நார் வேறு திசையில் ஓடும், திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள். கவுன்ட்டர் ஸ்டூலின் 64 செ.மீ. என்பது சுமார் 90 செ.மீ. உயரமுள்ள மேலைநாட்டுச் சமையல் மேடையை வைத்து வந்த அளவு. இருக்கைக்கும் மேடைக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ. இருந்தால்தான் தொடை நுழையும், கை சௌகரியமாக வைக்கலாம். நம் வீடுகளில் மேடை பெரும்பாலும் 80 முதல் 86 செ.மீ. வரைதான், அதிலும் கல்லின் கனம் போய்விடும். அந்த மேடைக்கு முன் இந்த ஸ்டூலைப் போட்டால் முழங்கால் இடிக்கும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், உட்காரும் பக்கத்து மேடையை மட்டும் 90 செ.மீ.க்கு உயர்த்தி, முன்பக்கம் கல்லை ஓரடி வெளியே நீட்டச் சொன்னால் காலுக்கு இடம் கிடைக்கும். கட்டி முடித்த வீடு என்றால், அந்த மேடைக்கு 55 முதல் 58 செ.மீ. உயரத்தில் உள்ளூர் ஸ்டூல் ஒன்றைச் செய்துகொள்வதே சரி.